பிரிக்காத கவரு

தக்கலையில மாமாக்க வீட்டு மேசை டிராயர்ல மொத்தம் 31 கவர் இருந்துச்சு, நான் எண்ணிப் பாத்தேன், ஒண்ணு கூட பிரிக்கல. மேல பஞ்சாங்கம், அதுக்கு கீழ ரப்பர் ஷீட்டு வித்த துண்டுச்சீட்டு, அதுக்கும் அடியில இந்த கவரு எல்லாத்தையும் ரப்பர் பேண்டு போட்டு பத்திரமா அடுக்கி வச்சிருந்தாவ. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆன மனுசன், வீட்டுக்கு வர்ற ஒரு காயிதத்தையும் களைய மாட்டாவ. ஆனா பிரிக்கவும் மாட்டாவ. கேட்டா "அது ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரம் மக்களே, மாசாமாசம் அனுப்புகான்"னு சொன்னாவ.

விளம்பரம் ஒண்ணும் இல்ல. நம்ம ஷேரை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கா வச்சிருக்குற டெப்பாசிட்டரில இருந்து வர்ற ஸ்டேட்மென்ட் அது, காஸ்னு சொல்லுவாங்க, உங்க பேர்ல எந்தெந்த ஷேர் எத்தன இருக்கு, இந்த மாசம் எது வந்துச்சு எது போச்சுன்னு எல்லாம் அச்சடிச்சு வரும். 2015ல இருந்து மியூச்சுவல் ஃபண்டையும் டீமேட்டையும் (ஷேர் கெடக்குற அக்கவுண்டு) சேத்து ஒரே காயிதமா அனுப்ப, ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி வழி பண்ணிச்சு. அந்த 31 கவருக்குள்ளயும் மாமாக்க 13 லட்சம் ரூபா எப்பிடி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுதுன்னு தேதி வாரியா எழுதி இருந்துச்சு. திருட்டுக்கு ரசீது கிடைக்குமா எங்கயாவது, எங்க மாமாவுக்கு கிடைச்சுது, தபால்ல.

இது 2019 டிசம்பர்ல, கிறிஸ்மஸ் லீவு நேரம். நான் அங்க போனதே கார்வி செய்தி பாத்துட்டுதான். அதுக்கு முந்தின மாசம், நவம்பர் 22, என்எஸ்இங்கற ஷேர் எக்ஸ்சேஞ்சு குடுத்த ரிப்போர்ட்டை வச்சு செபி கார்வி ஸ்டாக் புரோக்கிங் மேல ஒரு ஆர்டர் போட்டுது, புதுசா ஆள் சேக்கக் கூடாது, கிளையன்ட் குடுத்த பவர் ஆஃப் அட்டர்னிய வச்சு ஷேரை அசைக்கக் கூடாதுன்னு. என்னன்னா கிளையன்ட்க்க ஷேரை எல்லாம் எக்ஸ்சேஞ்சுக்கே சொல்லாத ஒரு டீமேட் அக்கவுண்டுல ஒதுக்கி, அதை பேங்குல அடகு வச்சு கடன் வாங்கி, அந்த பைசாவ தன்னோட வேற கம்பெனிகளுக்கு கொண்டு போயிருக்காங்க. 95,000க்கு மேல ஆளுங்களோட ஷேரு, சுமார் 2,300 கோடி. எவன் நகையையோ எவனோ அடகு கடையில வைக்கிற கதைதான். டிசம்பர் 2ஆம் தேதிக்குள்ள 82,000க்கு மேல பேருக்கு என்எஸ்டிஎல்ங்கற டெப்பாசிட்டரி ஷேரை திருப்பி அவங்கவங்க அக்கவுண்டுக்கு மாத்திக் குடுத்துட்டுது, அதை பாராட்டணும், அந்த வேகம் நம்ம நாட்டுல அபூர்வம். ஆனா முடிவான ஆர்டர் வர 2023 ஏப்ரல் ஆச்சு. கார்விக்கும் அதோட தலைவருக்கும் 7 வருசம் மார்க்கெட்டு பக்கமே வரக்கூடாதுன்னு தடை, ரெண்டு பேருக்கும் சேத்து 21 கோடி அபராதம், அடுத்த மாசம் லைசென்ஸ் ரத்து. மூணரை வருசம்.

சரி மாமா கதைக்கு வாறேன். மாமாக்க புரோக்கர் கார்வி கிடையாது, வேற ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். அதுக்கு மார்த்தாண்டத்துல ஒரு ஏஜென்ட் ஆபீஸ், ஒரு பேக்கரிக்கு மாடியில, ஜன்னல திறந்தா மேம்பாலம் கைக்கு எட்டும். நம்ம ஜில்லாவுல ஷேர் ஆபீஸ்னா முக்காவாசி இப்பிடித்தான். போர்டுல பெரிய கம்பெனி பேரு பெருசா இருக்கும், கீழ பொடி எழுத்துல இவன் பேரு இருக்கும். முன்னாடி இவங்கள சப்புரோக்கர்னு சொல்லுவாங்க, செபி அந்த வகையையே எடுத்துட்டு 2019 மார்ச்சுக்குள்ள எல்லாரும் ஆத்தரைஸ்டு பெர்சனா மாறணும்னு சொல்லிட்டுது, இதுல ஒரு முக்கியமான விசயம் என்னன்னா அந்த ஆள் என்ன பண்ணினாலும் மெயின் புரோக்கர்தான் பொறுப்பு. ஆனா கிளையன்ட்டுக்கு மெயின் புரோக்கர் யாருன்னே தெரியாது. மாமாவுக்கு தெரிஞ்சது அந்த பையனைத்தான், ஏன்னா அவன் மாமாகிட்ட எட்டாம் கிளாஸ் படிச்சவன். "எனக்க ஸ்டூடன்ட் மக்களே, கணக்குல நல்ல மிடுக்கன்". அந்த மிடுக்குதான் பிரச்சனை ஆச்சு.

மாமாகிட்ட பழைய ஷேரு கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டு பேங்கு, ஒரு டயர் கம்பெனி. டயர் கம்பெனி ஷேரை ஏன் வாங்குனாவன்னா "நம்ம தோட்டத்து பால் தானே அவனுக்கு போவுது, லாபத்துல நமக்கும் கொஞ்சம் வரட்டே"ன்னு. இதை விட நல்ல காரணத்தோட ஷேர் வாங்கின ஆளை நான் பாத்ததில்ல. அந்த பையன் 2017 நடுவுல வந்து, சார், இதெல்லாம் சும்மாதானே கெடக்கு, இதை மார்ஜினா, அதாவது ஈடா வச்சு நான் ஆப்ஷன் (விலை ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டுற மாதிரி) பண்ணித் தாறேன், ஷேர் உங்க பேர்லயே இருக்கும், மாசம் 15,000 உங்க பேங்குல வந்து விழும்னு சொல்லியிருக்கான். விழுந்துச்சு. 14 மாசம் ஒழுங்கா விழுந்துச்சு. அது லாபம் இல்ல, மாமாக்க சொந்த ஷேரை வித்த பைசாதான்னு அந்த கவரை பிரிச்சு பாத்த அன்னைக்குதான் தெரிஞ்சுது.

பவர் ஆஃப் அட்டர்னில கையெழுத்து போட்டது மாமாதான், அதுல ஒளிவு மறைவு இல்ல. அப்ப எல்லாம் அக்கவுண்டு தொறக்கும்போது 30, 40 இடத்துல இன்ட்டு மார்க் போட்டு குடுப்பான், நீங்க போட்டுக்கிட்டே போவீங்க. நம்மள்ல யாரு படிச்சோம். ஆனா ரெண்டு காரியம் அவன் வேணும்னே பண்ணியிருக்கான். டிரேடிங் அக்கவுண்டுல மாமாக்க மொபைல் நம்பருக்கு பதிலா ஆபீஸ் நம்பர். மாமா பேர்ல ஒரு ஜிமெயில் அவனே உண்டாக்கி, பாஸ்வேர்டும் அவனே வச்சுக்கிட்டான். அப்போ டெய்லி சாயந்திரம் எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற எஸ்எம்எஸ், கான்ட்ராக்ட் நோட்டு (வாங்குனது வித்ததுக்கான கணக்குச் சீட்டு), எல்லாமே போக வேண்டிய ஆளை விட்டுட்டு திருடின ஆள்கிட்டயே போச்சு. டீமேட் அக்கவுண்டு மட்டும் 2008ல தொறந்த பழசு, அதுல ஈமெயிலே கிடையாது, அதை மாத்த அவனுக்கு தோணல, அதனாலதான் தபால் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

இந்த இடத்துல நான் ஒண்ணு சொல்லிறணும், இல்லன்னா நேர்மையா இருக்காது.

நான் 2011ல இருந்து மூணு வருசம் நாகர்கோவில்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஸா, அதாவது சிஏ படிச்சுக்கிட்டே வேலை பழகுற பையனா இருந்தேன். சிஏ முடிக்கல, ரெண்டு குரூப்பும் அஞ்சு தடவ எழுதி விட்டுட்டேன், அது வேற கதை. 2008ல செபி ஒரு சர்க்குலர் போட்டுது, ஒவ்வொரு புரோக்கரும் அரை வருசத்துக்கு ஒரு தடவ வெளி ஆடிட்டரை வச்சு இன்டர்னல் ஆடிட் பண்ணணும்னு. சிஏ பண்ணலாம், கம்பெனி செக்ரட்டரி பண்ணலாம், காஸ்ட் அக்கவுண்டன்ட் பண்ணலாம். சென்னையில ஒரு ஃபர்ம் ஒரு புரோக்கருக்கு அந்த வேலைய எடுத்திருந்தாங்க, தெக்க வரைக்கும் வர ஆள் இல்லாம எங்க சாருகிட்ட குடுத்தாங்க, சாருக்கு நேரம் இல்லாம என்னைய அனுப்புனாரு. 22 வயசு, ஒரு செக்லிஸ்ட், ஒரு பேனா, வடசேரியில இருந்து பஸ்.

அந்த செக்லிஸ்ட் இன்னும் ஞாபகம் இருக்கு. செபி பதிவு சர்டிபிகேட் சுவத்துல மாட்டி இருக்கா, டிக். புகார் பண்ண வேண்டிய ஈமெயில் போர்டுல இருக்கா, டிக். கான்ட்ராக்ட் நோட்டு 24 மணி நேரத்துல போவுதா, டிக். கேஒய்சி பாரம் சாம்பிள் 10 எடுத்து பாக்கணும். எடுத்தேன். அதுல மூணு பாரத்துல ஒரே மொபைல் நம்பர். பேரு வேற, ஊரு வேற, நம்பர் ஒண்ணு. நான் கேட்டேன், கேக்காம இல்ல. அந்த ஆபீஸ்காரரு சிரிச்சுக்கிட்டே "எல்லாம் ஒரே குடும்பம் தம்பி, அவங்களுக்கு போன் பாக்க தெரியாது, மவன் நம்பர் குடுத்திருக்காவ"ன்னு சொன்னாரு. சூடா பழம்பொரியும் சாயாவும் வந்துச்சு. ஒருத்தரு அருமனை, ஒருத்தரு குளச்சல், ஒருத்தரு தோவாளை, எப்பிடி ஒரே குடும்பம்னு கேட்டிருக்கலாம். கேக்கல. டிக்.

அது மாமாக்க ஆபீஸ் இல்ல, வேற ஊரு, வேற கம்பெனி, அங்க ஏதாவது தப்பு நடந்துச்சான்னே எனக்கு தெரியாது. ஆனா அந்த 31 கவரை தக்கலையில தரையில பரப்பி வச்சு உக்காந்திருந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த பழம்பொரிதான். கண்காணிப்பு கண்காணிப்புன்னு பாம்பேல பெரிய கட்டிடத்துல என்னவோ பண்றாங்கன்னு நெனைக்கோம், கடைசியில அது வந்து சேர்றது ஸ்டைஃபண்ட் வாங்குற ஒரு பயல் கையில இருக்குற பேனாவுல.

எங்க சாரு அப்பிடி கிடையாது, அதையும் சொல்லணும். ஒரு மார்ச் மாசம் ஒரு அண்டி ஆபீஸ் முதலாளி (வெளியூர்க்காரங்களுக்கு, அண்டின்னா முந்திரி) பேங்க் பேலன்ஸ் சர்டிபிகேட்டை அவரே கையோட கொண்டு வந்து மேசையில வச்சாரு, "சாரே, உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு நானே வாங்கிட்டு வந்துட்டேன்"னு. பேங்க் சீல், மேனேஜர் கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கு. சாரு அதை தொடவே இல்ல. "நீங்க கொண்டு வந்தா அது சர்டிபிகேட் இல்ல, பேங்கு எனக்கு அனுப்புனாதான் சர்டிபிகேட்"னு சொல்லிட்டாரு. முதலாளிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு, இருவது வருச கிளையன்ட். அப்புறம் என்னைய பேங்குக்கு அனுப்பி, மேனேஜர் ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சு, ஒட்டின கவர்ல வாங்கிட்டு வரச் சொன்னாரு. எண்ணு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு பைசா வித்தியாசம் இல்ல. நான் திரும்பி வந்து கடுப்புல, இதுக்கு எதுக்கு சார் இந்த பாடுன்னு கேட்டேன். அப்போதான் சொன்னாரு: "டேய், சத்யம் எங்க விழுந்துச்சு தெரியுமா உனக்கு?"

எல்லாருக்கும் சத்யம்ங்கற ஹைதராபாத் சாப்ட்வேர் கம்பெனின்னா அதோட சேர்மன் ராமலிங்க ராஜு லெட்டர்தான் ஞாபகம் இருக்கும், 2009 ஜனவரி 7. பேங்குல இருக்குன்னு பேலன்ஸ் ஷீட்ல காட்டுன பைசாவுல 5,040 கோடி இல்லவே இல்லன்னு அவரே எழுதிக் குடுத்தாரு. 5,040 கோடி பேங்குல இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க பெரிய துப்பறியும் மூளை ஒண்ணும் வேண்டாம், பேங்க்கிட்ட கேட்டா போதும். கேட்டாங்க. ஆனா கேக்குற லெட்டரை அனுப்புறதும் பதிலை வாங்குறதும் கம்பெனிக்காரன் கையிலயே விட்டுட்டாங்க. ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ், உலகத்துலயே பெரிய பேரு. சத்யம் நியூயார்க் மார்க்கெட்லயும் லிஸ்ட் ஆன கம்பெனிங்கறதால அமெரிக்காவுல அந்த ஊரு செபியான எஸ்இசியும், ஆடிட்டர கண்காணிக்கிற பிசிஏஓபியும் விசாரிச்சு 2011 ஏப்ரல்ல அந்த இந்திய ஃபர்முகளுக்கு ரெண்டும் சேத்து 75 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க, அதுல முக்கியமான குத்தம் இதுதான், பேங்க் உறுதிப்படுத்துற லெட்டர ஒழுங்கா கையாளலங்கறது. எங்க சாரு அண்டி ஆபீஸ்காரர்கிட்ட வாங்க மறுத்த அதே காயிதம். எஸ்ஏ 505ன்னு அதுக்கு ஒரு ஆடிட்டிங் ஸ்டாண்டர்டே இருக்கு, பரீட்சைக்கு நான் மனப்பாடம் பண்ணினேன், அர்த்தம் அன்னைக்கு அந்த வாசல்ல நின்ன காலு வலியிலதான் விளங்குச்சு.

அமெரிக்காக்காரன் ரெண்டேகால் வருசத்துல முடிச்சான்னு சொன்னேன்ல, இங்க என்ன ஆச்சு? 2015ல ஹைதராபாத் ஸ்பெஷல் கோர்ட்டு ராஜுவுக்கும், ரெண்டு ஆடிட்டருக்கும், வேற சிலருக்கும் 7 வருசம் போட்டுது, கொஞ்ச நாள்ல ஜாமீன்ல வெளிய வந்தாங்க. செபி 2018 ஜனவரிலதான், அதாவது ஒம்பது வருசம் கழிச்சு, பிரைஸ் வாட்டர்ஹவுஸ் பேர்ல இருக்குற ஃபர்முகள் ரெண்டு வருசம் லிஸ்டட் கம்பெனி எதையும் ஆடிட் பண்ணக் கூடாதுன்னு தடை போட்டு, 13 கோடிய வட்டியோட திருப்பிக் கட்டச் சொல்லிச்சு. 2019 செப்டம்பர்ல அப்பீல் டிரிப்யூனல் அந்த தடைய தூக்கிட்டுது. காரணம் என்ன சொன்னாங்கன்னா ஆடிட்டரை ஒழுங்கு பண்றது ஐசிஏஐங்கற சிஏக்காரங்க அமைப்போட வேலை, செபி வேலை இல்ல. 13 கோடி மட்டும் நின்னுச்சு. வாசிக்கும்போது ஆத்திரமா வரும், ஆனா சட்டப்படி அந்த டிரிப்யூனல் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குன்னுதான் எனக்கு தோணும். மார்க்கெட்டை பாக்குறவன் செபி. ஆடிட்டர் மார்க்கெட்டு ஆள் இல்ல. அவர லைசென்ஸ் குடுத்து உள்ள விட்டது வேற வீட்டுக்காரன்.

அந்த வேற வீட்டுக்காரன், ஐசிஏஐ, 1949ல பாராளுமன்ற சட்டத்துல உண்டானது, மெம்பர் எல்லாரும் ஆடிட்டர்ங்க. அவங்களே பரீட்சை வைப்பாங்க, அவங்களே எலெக்‌ஷன் நடத்துவாங்க, அவங்களே தப்பு பண்ணுனவனையும் விசாரிப்பாங்க. சங்கமும் அவங்களே, போலீஸும் அவங்களே. நம்ம ஊரு சந்தையில மீன் விக்கிறவனே தராசையும் சோதிச்சு முத்திரை குத்துன மாதிரி. அமெரிக்காவுலயும் 2002 வரைக்கும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் இருந்துச்சு, என்ரான் கம்பெனி முங்கி, அதை ஆடிட் பண்ணின ஆர்தர் ஆண்டர்சனும் கூட முங்கினப்புறம்தான் ஆடிட்டரை கண்காணிக்க பிசிஏஓபின்னு தனி அமைப்பு வச்சாங்க. இங்க சத்யத்துக்கு அப்புறம் 2013 கம்பெனி சட்டத்துல 132ஆம் பிரிவா, ஆடிட்டர கண்காணிக்க என்எஃப்ஆர்ஏன்னு ஒரு அமைப்ப எழுதி வச்சாங்க, எழுதி வச்சுட்டு அஞ்சு வருசம் அப்பிடியே கெடந்துச்சு, ஐசிஏஐ எதிர்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நீரவ் மோடி பிஎன்பி விவகாரம் வெடிச்சுது, 2018 மார்ச் 1 மந்திரிசபை ஓகே சொல்லிச்சு, அக்டோபர் 1ல அமைப்பு வந்துட்டுது. அவங்க தப்பு பண்ணின ஆடிட்டர ஆறு மாசத்துல இருந்து பத்து வருசம் வரைக்கும் தள்ளி வைக்கலாம். ஐஎல்எஃப்எஸ் குரூப்பு சுமார் 91,000 கோடி கடனோட கவுந்துச்சே, அதோட நிதி கம்பெனிய ஆடிட் பண்ணுன டெலாய்ட்டோட முன்னாள் சிஇஓவுக்கு 2020 ஜூலையில 25 லட்சம் அபராதமும் 7 வருசம் தடையும் போட்டாங்க. இப்ப ஆர்டர் எல்லாம் அவங்க வெப்சைட்ல போடுறாங்க, யாரு வேணா வாசிக்கலாம், ஆடிட் பண்ற பசங்க ராத்திரி படுக்கும்போது ஒண்ணு வாசிச்சுட்டு படுங்க, தூக்கம் வராது.

ஆனா என்எஃப்ஆர்ஏ பாக்குறது லிஸ்டட் கம்பெனிய, அப்புறம் லிஸ்ட் ஆகாததுல 500 கோடி மூலதனம் இல்லன்னா 1,000 கோடி வியாபாரம்ங்கற அளவுல இருக்குற பெரிய மீனை. நம்ம ஜில்லாவுல உள்ள அண்டி ஆபீஸ், செங்கச்சூளை, பைனான்ஸ், ஸ்கூல் டிரஸ்ட், இதுக்கெல்லாம் கையெழுத்து போடுற ஆடிட்டர் இன்னும் ஐசிஏஐ கையிலதான். அதுல ஒரு நல்ல காரியம் 2019ல நடந்துச்சு, யுடிஐஎன். ஆடிட்டர் போடுற ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் 18 இலக்கத்துல ஒரு நம்பர். ஐசிஏஐ வெப்சைட்ல போட்டா அது நெஜமா பொய்யான்னு தெரிஞ்சுரும். பொடிக் காரியமா தெரியும், ஆனா எங்க சாரோட சீலையே ஒருத்தன் ரப்பர்ல வெட்டி, வெளிநாட்டுக்கு நர்சிங் போற பிள்ளைங்க அப்பன்மாருக்கு சொத்து சர்டிபிகேட் வித்திருக்கான், ஒரு பேங்க் மேனேஜர் கையெழுத்துல சந்தேகம் வந்து போன் பண்ணினதால தெரிஞ்சுது. யுடிஐஎன் வந்தப்புறம் அந்த தொழில் படுத்துருச்சு. நீங்க பைசா போடப் போற நிதி நிறுவனம் "ஆடிட் பண்ணின கணக்கு"ன்னு காட்டுனா, அந்த நம்பரை போட்டுப் பாருங்க. ஒரு நிமிசம். அந்த நம்பர் கணக்கு உண்மைன்னு சொல்லாது, கையெழுத்து உண்மைன்னு மட்டும்தான் சொல்லும், அதுவே நம்ம பக்கம் பெரிய காரியம்.

மாமா கேஸு. முதல்ல அந்த பையன் வீட்டுக்கு வந்து அழுதான். "சார், மார்க்கெட் எறங்கிட்டு, நான் திருப்பித் தந்துருவேன்". அத்தை அவனுக்கு சாயா போட்டுக் குடுத்தாவ, எனக்கு வந்த கோவம் சொல்லி முடியாது. மாமா மூணு நாள் யோசிச்சாவ. "அவனுக்க பிள்ள சின்னப்பிள்ள மக்களே, போலீஸ் கேஸ் ஒண்ணும் வேண்டாம்". சரி, போலீஸ் வேண்டாம், மெயின் புரோக்கருக்கு எழுதுவோம்னு எழுதினோம். பதில் வந்துச்சு அழகா இங்கிலீஷ்ல, கான்ட்ராக்ட் நோட்டு எல்லாம் உங்க பதிவு பண்ணின ஈமெயிலுக்கு வந்துருக்கு, எஸ்எம்எஸ் உங்க பதிவு பண்ணின மொபைலுக்கு வந்துருக்கு, நீங்க ஒரு தடவ கூட ஆட்சேபிக்கல, அதனால இது நீங்க சம்மதிச்ச டிரேடுதான்னு. அப்புறம் செபியோட புகார் வெப்சைட்டு, ஸ்கோர்ஸ்ல போட்டோம். அங்க இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு போய், குறைதீர்ப்பு கமிட்டின்னு சென்னையில கூப்பிட்டாங்க. 2020 பிப்ரவரி, நானும் மாமாவும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல போனோம், மாமா அந்த 31 கவரையும் ஒரு துணிப்பையில போட்டு தலைக்கு வச்சு படுத்தாவ.

எனக்கு கையில ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்துச்சு. 2017 செப்டம்பர்ல செபி போட்ட ஒரு சர்க்குலர். கிளையன்ட் சொல்லாம புரோக்கர் டிரேடு போடக் கூடாது, சொன்னாங்கங்கறதுக்கு எழுத்தோ, போன் ரெக்கார்டிங்கோ, மெயிலோ ஏதாவது ஒரு ஆதாரம் புரோக்கர்கிட்ட இருக்கணும், தகராறு வந்தா நிரூபிக்க வேண்டியது புரோக்கர்தான். இந்த கடைசி வரி இருக்கு பாருங்க, அதை எழுதின ஆள் யாருன்னு தெரிஞ்சா அவருக்கு ஒரு கொலை மட்டிப்பழம் வாங்கிக் குடுக்கணும். நான் அந்த ரூம்ல வேற ஒண்ணும் பேசல. ரெக்கார்டிங் எங்க சார்னு கேட்டேன். புரோக்கர் பக்கம் வந்தவரு சின்னப் பையன், லேப்டாப்ப தட்டினாரு, தட்டிக்கிட்டே இருந்தாரு. 40 மாதிரி கால் எடுத்துக் காட்டுனாங்க, எல்லாத்துலயும் பேசுறது அந்த மார்த்தாண்டத்துப் பையன்தான், மாமா குரல் ரெண்டு இடத்துல மட்டும், அதுல ஒண்ணுல மாமா "சாப்பிட்டியா மக்களே"ன்னு கேக்குதாவ.

அப்புறம் கொரோனா வந்து, ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) எல்லாம் வீடியோவுல நடந்து, முடிவு வர இன்னும் ஒரு வருசம் ஆச்சு. நாங்க கேட்டது 11 லட்சத்து 40 ஆயிரம், கிடைச்சது 4 லட்சத்து 10 ஆயிரம். அந்த சர்க்குலர் அமலுக்கு வந்தது 2018லதான்ங்கறதால அதுக்கு முந்தின டிரேடை எல்லாம் தள்ளிட்டாங்க. மாசம் 15,000 வாங்குனீங்கள்ல, அப்போ தெரியாதா எதோ டிரேடு நடக்குன்னு கேட்டு அதுலயும் வெட்டுனாங்க. மாமாவுக்கு கோவம் வரல. எனக்கு வந்துச்சு, ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா, அந்த ரெண்டாவது கேள்விக்கு என்கிட்டயும் பதில் இல்ல. ஷேர் அப்பிடியே இருக்கும், மாசாமாசம் பைசாவும் வரும்னு ஒருத்தன் சொன்னா எங்கயோ இடிக்குன்னு ஒரு ஹெட்மாஸ்டருக்கு தோணியிருக்கணும்தானே. தோணல. படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல போல. 2022 முதல் 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓல (ஆப்ஷன், ஃபியூச்சர் வகையறா) இறங்கின தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேரு நட்டப்பட்டாங்கன்னு செபியே கணக்கு எடுத்து போட்டிருக்கு, அந்த கணக்கு அப்பவே வந்திருந்தாலும் மாமா வாசிச்சிருக்க மாட்டாவ, அதுவும் ஒரு கவர்ல வந்திருந்தா.

மாமா சொன்ன ஒரே காரியம் அவங்க அப்பா பத்தி. இந்த ஜில்லா அப்ப திருவிதாங்கூர்ல இருந்துச்சு, 1938ல திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்கு பொளிஞ்சப்போ மாமாக்க அப்பாவுக்கும் கொஞ்சம் பைசா அதுல போச்சாம், அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் பேங்கு வாசல்ல கால் வைக்கல, எல்லாம் நெலமும் தென்னையும்தான். "எங்கப்பாவுக்கு கேக்கதுக்கு கூட ஆள் இல்ல. எனக்கு மெட்ராஸ் வரைக்கும் போய் கேக்க ஒரு இடம் இருந்துச்சுல்லா." அதை எந்த கணக்குல எழுதன்னு எனக்கு தெரியல.

அந்த பையனோட ஏஜென்ட் அனுமதிய மெயின் புரோக்கர் ரத்து பண்ணிட்டாங்க, எக்ஸ்சேஞ்சு வெப்சைட்ல ரத்தான ஏஜென்ட் லிஸ்ட்ல அவன் பேரு இருக்கு. போர்டும் எறங்கிட்டு. இப்ப அதே பேக்கரி மாடியில வேற போர்டு, இன்சூரன்ஸ், லோன், "முதலீட்டு ஆலோசனை". யாரு நடத்துறான்னு நான் போய் பாக்கல.

கார்விக்கு அப்புறம் சட்டம் நெறைய மாறிட்டு, அதையும் சொல்லணும். 2020 செப்டம்பர்ல இருந்து ஷேரை மார்ஜினா வைக்கணும்னா அது உங்க அக்கவுண்டுலயே இருந்து அடகு ஆகும், அதுக்கு ஓடிபி உங்க போனுக்கு வரும். பழைய பவர் ஆஃப் அட்டர்னி போயி, டிடிபிஐன்னு சின்னதா ஒரு அனுமதிப் பத்திரம், அதுவும் கட்டாயம் இல்ல. ஷேர் விக்கும்போது டிபின்னு ஒரு ரகசிய நம்பர் கேக்கும்ல, அதை எரிச்சல்பட்டு திட்டாதீங்க, மாமா 13 லட்சம் குடுத்து வாங்குனது அந்த ஓடிபி. ஸ்கோர்ஸ்லயும் 2024 ஏப்ரல்ல இருந்து 21 நாள்ல பதில் குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. போன வருசம், 2025 அக்டோபர்ல இருந்து, பதிவு பண்ணின புரோக்கருக்கு பணம் அனுப்புற யுபிஐ ஐடில @ குறிக்கு அப்புறம் வேலிட்னு வந்து அதோட பேங்கு பேரு ஒட்டி இருக்கும், பச்ச முக்கோணத்துல கட்டைவிரல் படம் வரும், வரலன்னா அனுப்பாண்டாம். குளச்சல்ல எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் வாட்ஸ்அப் குரூப்புல "இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்டு, ஐபிஓ முழுசா கிடைக்கும்"னு ஒரு ஆப்புல கல்ஃபு பைசா போட்டுட்டு நிக்கிறான், அது செபி கிட்ட போயும் பிரயோஜனம் இல்ல, அந்த கம்பெனியே கிடையாது, யார் மேல நடவடிக்கை எடுக்க? சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணச் சொன்னேன், அவன் பண்ணுனது எட்டு நாள் கழிச்சு.

மாமாக்க அக்கவுண்டுல இப்ப மொபைல் நம்பர் மாமாக்கதுதான். ஈமெயில் என்னோடது, அதையும் மாமாக்க மக பேர்ல மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், ஏன்னா என்னைய மட்டும் எதுக்கு நம்பணும். கவர் வந்தா சமையல் கத்திய எடுத்து ஓரத்த கீறி, கண்ணாடி போட்டு, திண்ணையில உக்காந்து உரக்க வாசிக்குதாவ, அத்தை உள்ள இருந்து "கேக்கேன் கேக்கேன்"ங்காவ. போன ஞாயித்துக்கிழம ராத்திரி ஒரு போட்டோ அனுப்புனாவ, என்எஸ்இல இருந்து வந்த எஸ்எம்எஸ், உங்க புரோக்கர் சொன்ன பண இருப்பு ரூபாய் 0ன்னு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், மூச்சு வாங்குது: "மக்களே, பூச்சியம்னு போட்டிருக்கே, மறுபடியும் போச்சாடே?"

மூணு மாசத்துக்கு ஒரு தடவ புரோக்கர்கிட்ட சும்மா கெடக்குற பைசாவ திருப்பி நம்ம பேங்குக்கே அனுப்பிறணும்னு ரூல் இருக்கு மாமா, பாஸ்புக்க பாருங்கன்னு சொன்னேன். அஞ்சு நிமிசம் கழிச்சு இன்னொரு போட்டோ. பாஸ்புக். ரூபாய் 2,316, வெள்ளிக்கிழம தேதி, சுத்தி செவப்பு பேனாவுல வட்டம் போட்டு பக்கத்துல ஒரு டிக்.